ஆளுக்கேத்த சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு சின்னப் பந்தி எழுதினனான். இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லாத நான் 20 வருசத்துக்கு மேல கோண்டாவில்ல இருந்து ரவுணுக்குச் சைக்கிள்லதான் போய் வாறன் எண்டும், கால் கை ஏலாதவை சைக்கிள் ஓடுறதைப் பற்றி ஆருக்கும் கேட்க இருந்தால் எழுதுங்கோ எண்டும். வந்த கடிதங்களைப் பாத்தாப் பிறகு ரெண்டு நாளா எனக்கு வேற ஒரு வேலையும் ஓடேல்லை. இவ்வளவு பேர் வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு எனக்கே தெரியாமல் போச்சு. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் காணாது, அதால ஒரே மாதிரிக் கேள்வியளைச் சேர்த்துப் போட்டிருக்கிறன். பேர் போட வேண்டாம் எண்டு கனபேர் கேட்டதால ஊர் மட்டும்தான் போட்டிருக்கு.

கேள்வி: அண்ணை, எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, மிதிவெடியில போனது. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறன், நடக்கப் பிரச்சினை இல்லை. சைக்கிள் ஓடப் பாத்தால் கால் பெடல்ல இருந்து வழுக்கி வழுக்கிப் போகுது, கொஞ்சத் தூரம் மிதிச்சால் முழங்காலுக்குப் பின்பக்கம் நோகுது. ரியூப்பை வெட்டிக் காலைப் பெடலோட சேர்த்துக் கட்டலாமோ?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: கட்டாதேங்கோ தம்பி. மற்றதெல்லாம் பிறகு, முதல் அதைச் சொல்லிப்போடுறன். நானும் கட்டினனான். தட்டாதெருச் சந்தியில முன்னுக்குப் போன பஸ் திடீரெண்டு நிண்டது, நானும் நிக்க வேண்டி வந்தது, காலைக் கழட்ட நேரம் இல்லை, சைக்கிளோட ஒண்டாச் சரிஞ்சனான். பின்னால வந்த ஓட்டோக்காரர் பிரேக் பிடிச்சபடியால்தான் இண்டைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறன். ரெண்டு சில்லுச் சைக்கிள்ல பொய்க்காலை எப்பவும் ஒரு இழுவையில எடுக்கக் கூடியதா வைச்சிருக்க வேணும். பெடலுக்கு முன்பக்கம் மட்டும் ஒரு சின்ன வளைவுத் தடுப்பு அடிச்சு விடுங்கோ, கால் முன்னுக்குப் போகாது, பின்னால இழுத்தால் உடன வந்திடும். பெடலுக்கு மேல சொரசொரப்பான றப்பர் ஒண்டு ஒட்டினால் மழைக்கும் வழுக்காது.

இனி ஏன் வழுக்குது எண்டு பாப்பம். கால் உள்ளவை பாதத்தின்ர முன்பக்கத்தாலதான் பெடலை மிதிப்பினம், ஏனெண்டால் கணுக்கால் கீழ தள்ளிக் குடுக்கும். எங்கட காலில கணுக்கால் தானாத் தள்ளாது. முன்பக்கத்தை வைச்சு மிதிச்சால் பாதம் மேல எழும்பி வழுக்கத்தான் செய்யும். நீங்கள் பாதத்தின்ர நடுப்பகுதியை, இன்னும் கொஞ்சம் குதிப்பக்கமாக் கூட, பெடலின்ர அச்சுக்கு நேர வையுங்கோ. முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், மூண்டாம் நாள் பழகிடும்.

முழங்காலுக்குப் பின்பக்கம் நோகிறதுக்குக் காரணம், பெடல் மேல வரேக்க முழங்கால் நல்லா மடங்குது, சொக்கற்றின்ர, அதாவது மிச்சக் காலை உள்ளுக்கு விடுற பொய்க்கால்க் கிண்ணத்தின்ர, பின் விளிம்பு தொடையோட போய் இடிக்குது. சீற்றை உயர்த்தினால் இது குறையும், ஆனால் உயர்த்தினால் நிக்கேக்க கால் நிலத்தில முட்டாது, அது உங்களுக்கு ஆபத்து. அதால சீற்றை அதிகம் தொடாமல் அந்தப் பக்கத்துக் குறங்கை, அதாவது பெடல் பூட்டியிருக்கிற இரும்புக் கையை, மட்டும் கட்டையாக்குங்கோ. பெரியாக்களின்ர சைக்கிளுக்கு வழமையா 170 மில்லிமீற்றர் அளவில குறங் இருக்கும். சின்னப்பிள்ளையளின்ர சைக்கிள் குறங் பொருந்துமெண்டால் அதையே போடலாம். குறங் 2 சென்ரிமீற்றர் கட்டையானால் கால் சுத்துற வட்டத்தின்ர விட்டம் 4 சென்ரிமீற்றர் சிறுக்கும், பெடல் மேல வரேக்க 2 சென்ரிமீற்றர் பதிவா நிக்கும், அது உங்கட முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். நல்ல கால்தான் கூட வேலை செய்யும், அது பரவாயில்லை, பொய்க்கால் சும்மா சேர்ந்து சுத்தினால் காணும்.

இறங்குற விசயத்தில உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. உங்களுக்கு இடது கால் நல்ல கால், ரோட்டின்ர கரைப்பக்கம்தான் கால் ஊண்டப் போறியள். எனக்கு மறுவளம், வலது காலை ரோட்டு நடுப்பக்கம் ஊண்ட வேணும், அதால நிக்க முதலே பின்னால திரும்பிப் பாத்திட்டுத்தான் நிப்பன். ரெண்டு பேருக்கும் பொருந்திற ஒரு விசயம் எண்டால் பார் இல்லாத லேடிஸ் சைக்கிள். ஆம்பிளை லேடிஸ் சைக்கிள் ஓடுறதோ எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். பாருக்கு மேலால பொய்க்காலைத் தூக்கிப் போடேக்க விழுந்து இடுப்பு உடைஞ்சால் அவை வந்து கஞ்சி வைச்சுத் தரப்போறேல்லை.

ஓடி முடிச்ச உடன காலைக் கழட்டித் தோலைப் பாருங்கோ. எங்கட வெயிலுக்குச் சொக்கற்றுக்குள்ள வேர்வை குளம் மாதிரி நிக்கும், மாத்துக் காலுறை ஒண்டு பையில இருக்கட்டும். சிவப்பு அடையாளம் 10, 15 நிமிசத்தில மறையேல்லை எண்டால் சொக்கற் சரியில்லை, காலைச் செய்து தந்த இடத்துக்கே போங்கோ. யாழ்ப்பாணத்தில 1987ல இருந்து ஜெய்ப்பூர் கால் செய்து குடுக்கினம், சைக்கிள் ஓடுறன் எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ, அவைக்குச் சொன்னால்தானே அதுக்கேத்த மாதிரி விளிம்பை இழைச்சுத் தருவினம். 1968ல ஜெய்ப்பூர்ல ராம் சந்திர சர்மா எண்ட கைவினைக்காரரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து இந்தக் காலைச் செய்யேக்க, சப்பாத்துப் போடாமல் நடக்கிற சனம், குந்தி இருக்கிற சனம், வயலுக்குள்ள இறங்குற சனம் எண்டு பாத்துத்தான் செய்தவை. கால் எங்களுக்கேத்த மாதிரி வந்தது. சைக்கிளையும் அதே மாதிரி எங்களுக்கேத்ததா மாத்தலாம், அதுக்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

கேள்வி: என்ர மகனுக்கு 11 வயசு. பிறந்ததில இருந்து பெருமூளை வாதம், இடது கையும் காலும் இறுக்கம், ஆனால் நடப்பான். அவனோட படிக்கிற பெடியள் எல்லாம் பின்னேரம் ரியூசனுக்குச் சைக்கிள்ல போறாங்கள். நான் ஏத்திக்கொண்டு போறன் எண்டால் வரமாட்டன் எண்டு அழுறான். சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சில்லுப் பூட்டிக் குடுத்தம், ரெண்டு தரம் விழுந்திட்டான், இப்ப வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் எண்டுறார். என்ன செய்ய?
— ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: அக்கா, பிள்ளை விழுந்தது அவன்ர பிழையில்லை, அந்தச் சின்னச் சில்லின்ர பிழை. அது அஞ்சு வயசுப் பிள்ளை ரெண்டு மாசம் பழகிறதுக்குச் செய்தது. 11 வயசுப் பெடியன்ர பாரத்துக்கு அந்தத் தகடு வளையும், எங்கட ஒழுங்கையில ஒரு பள்ளம் வந்தால் ஒரு பக்கத்துச் சில்லு அந்தரத்தில நிக்கும், அப்ப ஆள் மற்றப் பக்கம் சரியத்தான் செய்வான்.

அவனுக்கு வேண்டியது உண்மையான மூண்டு சில்லுச் சைக்கிள், பின்னால ரெண்டு பெரிய சில்லு, நடுவில சீற். நிண்டாலும் விழாது, மெள்ளப் போனாலும் விழாது. ஆனால் அது ரெண்டு சில்லு மாதிரி இல்லை எண்டதை நீங்களும் விளங்கிக்கொள்ள வேணும், அவனுக்கும் சொல்லிக் குடுக்க வேணும். ரெண்டு சில்லு வளைவில தானாச் சரிஞ்சு குடுக்கும், மூண்டு சில்லு சரியாது, வேகமா வெட்டினால் உள்பக்கச் சில்லு எழும்பிப் பிரளும். அதால வளைவுக்கு முதலே மெள்ளமாக்கி, உடம்பை வளைவின்ர உள்பக்கம் சாய்க்கப் பழக்குங்கோ. மற்றது எங்கட ரோட்டுகள் மழைத்தண்ணி வழியிறதுக்கு நடு உயர்ந்து கரை பதிஞ்சுதானே இருக்கும், மூண்டு சில்லு அந்தச் சரிவுக்கு இடதுபக்கம் கான் பக்கமா இழுத்துக்கொண்டே இருக்கும். அவன்ர பலமான கை வலது கை, ஹான்டிலை நேரா வைச்சிருக்க அது காணும், ஆனால் முதல் ஒரு மாசம் வளவுக்குள்ளயும் சனம் இல்லாத ஒழுங்கையிலயும்தான் ஓடவேணும்.

இடது கையால பிரேக் பிடிக்க ஏலாது எண்டால் ரெண்டு பிரேக் கேபிளையும் வலதுபக்கம் ஒரே பிடியில இழுக்கிற மாதிரிப் பூட்டலாம். இல்லாட்டிப் பெடலைப் பின்னுக்கு மிதிச்சால் பிடிக்கிற பிரேக் இருக்கு, அது இன்னும் நல்லம். இடது காலுக்குப் பெடலுக்குப் பதிலா ஒரு தட்டு, குதி வழுக்காமல் பின்னால ஒரு விளிம்பு, மேலால ஒட்டுப்பட்டி. மேல சாவகச்சேரித் தம்பிக்குக் காலைக் கட்டாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு இஞ்சை கட்டச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ, அவர் நிண்டால் கால் ஊண்ட வேணும், உங்கட மகன் நிண்டாலும் சைக்கிள் தானா நிக்கும், அதுதான் வித்தியாசம். கட்டாமல் விட்டால் இறுக்கம் வரேக்க கால் நழுவிச் சில்லுக்குள்ள போயிடும்.

வேண்ட முதல் அவனைப் பாக்கிற பிசியோவிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. முதுகுக்குச் சாய்வு வேணுமோ, முழங்கால் எவ்வளவு மடங்கும், இதெல்லாம் அவைக்குத்தான் தெரியும். வலிப்பு எப்பவாவது வந்திருந்தால் டொக்டரிட்டக் கேக்காமல் ரோட்டுக்கு விடாதேங்கோ. ரியூசன் சேரோட முதலே ஒரு வார்த்தை கதைச்சு வையுங்கோ, மூண்டு சில்லு முக்கால் மீற்றர் அளவு அகலம் வரும், மற்றப் பெடியளின்ர சைக்கிள் அடுக்கிற இடத்துக்குள்ள விட்டால் எடுக்க ஏலாது, கேற்றடியில ஒரு இடம் வேணும்.

வீட்டுக்காரருக்கு நான் சொன்னதாச் சொல்லுங்கோ, பெடியன் அழுறது சைக்கிளுக்கு மட்டும் இல்லை, பின்னேரம் அஞ்சு மணிக்குக் கூட்டாளியளோட கதைச்சுக்கொண்டு போற அந்த ஒழுங்கைக்கும்தான். எனக்குக் கால் போன பிறகு நான் ஏங்கினதும் அதுக்குத்தான்.

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயசு. ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை, வீல்செயரிலதான் இருக்கிறன். சில வருசத்துக்கு முதல் ஒரு விழாவில கையால சுத்துற மூண்டு சில்லுச் சைக்கிள் ஒண்டு தந்தவை, படமும் எடுத்தவை. சீற் உயரம், வீல்செயரில இருந்து மாறி ஏற என்னால ஏலாது, ரெண்டு பேர் தூக்கி இருத்த வேணும். ஏறினாலும் கால் கீழ நழுவுது. இப்ப அது கொட்டிலுக்க விறகோட நிக்குது. நான் சந்தைக்குத் தனியப் போய்வர ஆசை.
— வாசகி, துன்னாலை

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சனான். உந்தக் கொட்டில் சைக்கிள் மாதிரி எத்தினை கொட்டிலுக்க நிக்குதெண்டு எனக்குத் தெரியும், நானே பாத்திருக்கிறன். தாற ஆக்கள் நல்ல மனசோடதான் தருகினம், ஆனால் அளவு எடுக்காமல் சட்டை தைச்சுத் தந்தால் ஆர் போடுறது? இதை வாசிக்கிற வெளிநாட்டுச் சொந்தங்கள் ஆரும் இப்பிடி உதவி செய்ய யோசிச்சால், முதல் அந்த ஆளின்ர வீட்டுக்குப் போய், அவர் எதில இருந்து எதுக்கு மாறி ஏறப்போறார், படலை எவ்வளவு அகலம், எங்க போக விருப்பம் எண்டு கேட்டிட்டு வேண்டுங்கோ.

இப்ப உங்கட விசயம். அந்தச் சைக்கிளை எறியாதேங்கோ, அதைத் திருத்தலாம். சீற்றை இறக்கி உங்கட வீல்செயர்ச் சீற்றின்ர உயரத்துக்குச் சரி சமமாக் கொண்டுவர வேணும், ஒரு பக்கத்துக் கைபிடி கழட்டிற மாதிரி இருக்க வேணும், அப்ப ரெண்டுக்கும் நடுவில ஒரு வழுவழுப்பான பலகையை வைச்சுக் கையை ஊண்டி நீங்களே அரக்கி மாறலாம். மாறேக்க சைக்கிள் உருளக் கூடாது, அதுக்குப் பூட்டி வைக்கிற பிரேக் ஒண்டு கட்டாயம். காலுக்குத் தட்டும் குதிக்குப் பின்னால ஒரு பட்டியும் போட வேணும். கால் கீழ இழுபட்டுத் தோல் உரிஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது தானே.

அதைவிட முக்கியம் இருக்கிற இடம். உணர்ச்சி இல்லாத உடம்புக்கு வெறும் ரெக்சின் சீற் நஞ்சு. வீல்செயருக்குப் பாவிக்கிற அதே மெத்தையைச் சைக்கிளுக்கும் போடுங்கோ, கால் மணித்தியாலம் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி முன்னுக்குக் குனிஞ்சு, பக்கத்துக்குச் சரிஞ்சு பாரத்தை எடுத்து விடுங்கோ, வீட்டை வந்தால் கண்ணாடி பிடிச்சுத் தோலைப் பாருங்கோ. ஒரு படுக்கைப்புண் வந்தால் சந்தை இல்லை, மாசக்கணக்கில கட்டில்தான். காயம் முள்ளந்தண்டில உயரத்தில இருந்தால் உடம்பு சரியா வேர்க்காது, சூடு உள்ளுக்கே நிண்டிடும், அதால விடியப் போய் வெயில் ஏற முதல் வாங்கோ, தண்ணிப் போத்தலும் ஒரு ஈரத் துவாயும் கொண்டுபோங்கோ.

கை நோகாதோ எண்டு நீங்கள் கேக்கேல்லை, ஆனால் கேப்பியள். வீல்செயர்ச் சில்லைத் தள்ளுறதைவிடக் கையால குறங் சுத்துறது தோள்மூட்டுக்கு இலேசு. ஒரு கையால மட்டும் சுத்துற வகை எண்டால் அந்தத் தோள் சீக்கிரம் பழுதாகும், ரெண்டு கையும் ஒண்டாச் சுத்துற வகைதான் நல்லம், சுத்துற உயரம் தோளுக்குக் கீழ நிக்க வேணும். இப்ப வேற ஒரு வகையும் இருக்கு. வீல்செயருக்கு முன்னால கொழுவிற ஒரு சில்லு, கைக் குறங்கோட. அது உங்களுக்கு இன்னும் பொருந்தும், மாறி ஏறவே தேவையில்லை, சந்தைக்குப் போய்க் கழட்டி வைச்சிட்டு வீல்செயரோட உள்ளுக்குப் போகலாம். வன்னியில உயிரிழை எண்டு முள்ளந்தண்டு பாதிச்சவையே நடத்திற அமைப்பு இருக்கு, அவையோட ஒருக்காக் கதையுங்கோ, உங்களை மாதிரி இருக்கிறவையின்ர அனுபவத்துக்கு என்ர பதில் ஈடாகாது.

ஒண்டு சொல்ல ஆசை. 1655ல ஜேர்மனியில நூரம்பேர்க் எண்ட ஊருக்குப் பக்கத்தில ஸ்ரெபான் பார்ப்ளர் எண்டொரு மணிக்கூடு செய்யிற இளைஞர், நடக்க ஏலாதவர், தனக்கெண்டு கையால சுத்துற மூண்டு சில்லு வண்டி செய்தவர். ரெண்டு சில்லுச் சைக்கிள் வாறதுக்கு 150 வருசத்துக்கு மேல முதல் இது. உங்கட வண்டிதான் தங்கச்சி மூத்தது.

கேள்வி: எனக்குக் காது கேளாது. பின்னால வாற வாகனத்தின்ர ஹோர்ன் கேக்காததால வீட்டில சைக்கிள் தர மாட்டினமாம்.
— வாசகர், கைதடி

பதில்: ஹான்டில்ல வலதுபக்கம் கண்ணாடி ஒண்டு பூட்டுங்கோ, மோட்டார் சைக்கிள் கண்ணாடியே காணும். திரும்ப முதலும் பள்ளத்துக்கு விலத்த முதலும் கண்ணாடியையும் பாத்து, தலையைத் திருப்பியும் பாருங்கோ. இரவில பின்னுக்குச் சிவப்பு லைற். வீட்டாக்களை ஒரு நாள் பின்னால வேற சைக்கிள்ல வந்து பாக்கச் சொல்லுங்கோ, பயம் தெளியும்.

கேள்வி: எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது, சங்கீதம் படிப்பிக்கிறன். எங்க போறதெண்டாலும் தம்பி கரியரில வைச்சு டபிள்ஸ் ஏத்திக்கொண்டு போவான். இவ்வளவு வருசமா ஒரு சாமான் மாதிரிப் பின்னால இருந்திட்டன், ஒரு நாளாவது நானும் மிதிக்க வேணும் எண்டு ஆசை. இது நடக்கிற காரியமோ?
— ஆசிரியர், சுன்னாகம்

பதில்: நடக்கிற காரியம் சேர், உலகத்தில நடந்துகொண்டிருக்கிற காரியம். ரெண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் இருக்கு, ரண்டெம் எண்டு சொல்லுவினம், ரெண்டு சீற், ரெண்டு சோடிப் பெடல். முன்னுக்கு இருக்கிறவர் ஹான்டிலும் பிரேக்கும் பாப்பார், பின்னுக்கு இருக்கிறவர் முழுப் பலத்தோட மிதிக்கலாம். பராலிம்பிக்ல 1984ல இருந்து சைக்கிள் ஓட்டம் இருக்கு, கண் தெரியாத வீரர்கள் பின்சீற்றில இருந்துதான் பதக்கம் எடுக்கினம், பதக்கம் ரெண்டு பேருக்கும்தான்.

ரெண்டு பேரின்ர பெடலும் ஒரு செயினால சேர்ந்திருக்கும், அதால ஒராள் நிப்பாட்டினால் மற்றவரின்ர காலும் நிக்கும். தம்பி வாயைத் திறந்து ஓட வேணும்: பள்ளம் வருது, வலம் திரும்பிறம், மிதிக்கிறதை நிப்பாட்டு, நிக்கப் போறம். உங்களுக்குத் தாளம் சொல்லித் தர வேண்டியதில்லை, நீங்கள் தம்பியைவிட கெதியாப் பிடிச்சிடுவியள். ஏறேக்க தம்பி முதல் ஏறி ரெண்டு காலையும் ஊண்டிச் சைக்கிளை இறுக்கிப் பிடிக்க வேணும், பிறகு நீங்கள் ஏறி ரெண்டு காலையும் பெடல்ல வைச்சிட்டு சரி எண்ட வேணும், அதுக்குப் பிறகுதான் எடுக்கிறது. இறங்கேக்க நீங்கள் முதல். ரெண்டு பழைய பிறேமை வெட்டி ஒட்டிச் செய்யலாம் எண்டு கடைக்காரர் சொல்லுவினம், செய்யலாம், ஆனால் ரெண்டு பேரின்ர பாரத்துக்குக் கீழால ஒரு தடிச்ச குழாயும் பின்சில்லுக்குக் கூடின கம்பியும் வேணும், பிரேக் நல்லதாப் போட வேணும். புதுச் சைக்கிளோ பழசோ, முதல் ஓட்டம் ஒரு மைதானத்தில ஓடிப் பாருங்கோ. எப்பிடி இருந்தது எண்டு எனக்குக் கட்டாயம் எழுதுங்கோ சேர்.

கேள்வி: நீர் எழுதிறது வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இப்ப இருக்கிற வாகன நெரிசலுக்க இவையளை ரோட்டில இறக்கிறது பாவம் இல்லையோ? ஸ்கூட்டிக்குப் பின்னால ரெண்டு சில்லுப் பூட்டிக் குடுத்தால் பாதுகாப்பாப் போவினம் தானே.
— ஓய்வுபெற்ற அதிபர், நல்லூர்

பதில்: ஐயா, நாலு சில்லு ஸ்கூட்டி நல்ல சாமான், அது வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, தூரம் போக அதுதான் வசதி. ஆனால் அது வேண்டக் காசு வேணும், லைசன்ஸ் வேணும், பெற்றோல் வேணும். 2022ல பெற்றோல் வரிசையில யாழ்ப்பாணமே நிக்கேக்க நான் சைக்கிளை மிதிச்சுக்கொண்டு போனனான். தொண்ணூறுகளில பெற்றோல் கண்ணால காணாத காலத்தில இந்தக் குடாநாடே சைக்கிள்லதான் ஓடினது, வருத்தக்காரரைக் கூடச் சைக்கிள்லதான் ஏத்திக்கொண்டு போனவை, அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 

இலங்கை 2016ல ஏற்றுக்கொண்ட ஐநா சாசனத்தில, மாற்றுத்திறனாளிகளின்ர உரிமை பற்றினதில, 20ம் உறுப்புரை நடமாட்டத்தைப் பற்றித்தான் சொல்லுது. அவரவர் தான் விரும்பின விதத்தில, விரும்பின நேரத்தில, கட்டுப்படியான செலவில நடமாட வழி செய்ய வேணும் எண்டு. விரும்பின விதத்தில எண்ட சொல்லைப் பாருங்கோ ஐயா. எது பாதுகாப்பு எண்டு நாங்கள் முடிவெடுத்துக் குடுக்கிறது இல்லை. எங்கட நாட்டில மாற்றுத்திறனாளிகளின்ர உரிமையைப் பாதுகாக்க 1996ம் ஆண்டே 28ம் இலக்கச் சட்டம் வந்தது, 2006ல பொதுக் கட்டடங்களுக்கு இலகுவாப் போய்வாற வசதி செய்ய வேணும் எண்டு ஒழுங்குவிதியும் வந்தது. வாசலுக்குச் சாய்தளம் இப்ப அங்கங்க காணக் கிடைக்குது, அந்த வாசல் வரைக்கும் போய்ச் சேருற ரோட்டைத்தான் ஒருத்தரும் யோசிக்கேல்லை.

நெரிசல் உண்மை. அந்த நெரிசலில என்னை விழுத்தினது என்ர கால் இல்லை, மூடி போடாத கான், ரோட்டுக் கரையில ஓரடி ஆழத்துக்கு வெட்டி விட்டிட்டுப் போன பைப் கிடங்கு. ரெயில் கடவையில தண்டவாளத்தைச் சரிவாக் கடந்தால் சில்லு இடுக்கில மாட்டும், நேர்குத்தாக் கடக்க வேணும், மூண்டு சில்லுக்காரருக்கு அதுக்கு இடமே இல்லை, பின்னால நிக்கிறவை ஹோர்ன் அடிப்பினம். மோட்டார் சைக்கிள் போகக் கூடாதெண்டு நடைபாதை வாசல்ல கம்பம் நடுகினம், அதால மோட்டார் சைக்கிள் எப்பிடியோ நுழையும், துன்னாலைத் தங்கச்சியின்ர வண்டிதான் போகாது. பிரித்தானியாவில 2020ல அரசாங்கம் சைக்கிள் பாதைக்கு வழிகாட்டி ஒண்டு வெளியிட்டது, 2.8 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள சைக்கிள் போகிற மாதிரிப் பாதையைத் திட்டமிட வேணும், கம்பங்களுக்கு இடையில 1.5 மீற்றராவது விட வேணும் எண்டு அதில இருக்கு. கைச்சைக்கிளும் மூண்டு சில்லும் போக வேணும் எண்டு பாத்துப் போட்ட அளவு அது. எங்கட பிரதேச சபையள் ஒரு அளவுநாடாவோட இறங்கினால் பாதி வேலை முடியும், பெரிய காசு தேவையில்லை.

இன்னொண்டு ஐயா. திருவிழாக் காலத்தில, சந்தை வாசல்ல, எங்க பாத்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டுங்கோ எண்டு சொல்லுவினம். எனக்கு 200 மீற்றர் சைக்கிளை உருட்டிறது ரெண்டு கிலோமீற்றர் மிதிக்கிறதைவிடக் கஷ்டம். லண்டன்ல வீல்ஸ் ஃபோர் வெல்பீயிங் எண்ட அமைப்பு கனகாலமாச் சொல்லிக்கொண்டு வாறது இதைத்தான், வீல்செயர், ஊன்றுகோல் மாதிரி சிலருக்குச் சைக்கிளும் நடமாட உதவிற சாதனம், அதை விட்டு இறங்கு எண்டு சொல்லக் கூடாது எண்டு. நீங்கள் அதிபராய் இருந்தவர், உங்கட சொல்லுக்கு ஊரில மதிப்பு இருக்கும். வீதித்தடை போடுற இடத்தில ஒரு பக்கத்தில ஒன்றரை மீற்றர் விடச் சொல்லி நீங்கள் ஒருக்காச் சொன்னால் நான் பத்துக் கட்டுரை எழுதினதுக்குச் சமன்.

கேள்வி: 30 வருசமாச் சைக்கிள் கடை வைச்சிருக்கிறன். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் ஏலாத பெரியவர் ஒருத்தர் தன்ர பழைய சைக்கிளை மூண்டு சில்லாக்கித் தரச் சொல்லிக் கேக்கிறார். செய்ய விருப்பம், பிழைச்சால் பழி வந்திடும் எண்டு பயமாவும் இருக்கு. எதைக் கவனிக்க வேணும்?
— கடைக்காரர், மானிப்பாய்

பதில்: அண்ணை, இந்தக் கடிதத்துக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தனான். கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவால ரேடியோவுக்குக் கரண்ட் எடுத்த ஊர் இது. உங்கட கைக்கு ஏலாத வேலை இல்லை.

முதல் இரும்புப் பிறேமிலதான் வெல்டிங். அலுமினியத்தில சாதாரண வெல்டிங் பிடிக்காது, பிடிச்ச மாதிரி இருந்து பிறகு விடும். முன் போர்க்கையும் ஹான்டில் தண்டையும் எப்பவும் ஒட்டாதேங்கோ, அது முறிஞ்சால் ஆள் தலைகுப்புறத்தான் விழுவார். பின் அச்சில ரெண்டு சில்லையும் இறுக்கிப் பூட்டினால் வளைவில திரும்பாது, ஏனெண்டால் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓட வேணும். ஒரு சில்லை மட்டும் அச்சோட பூட்டி மற்றதைச் சும்மா சுத்த விடுங்கோ, இலேசான வழி அதுதான், எடுக்கேக்க கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும், பழகிடுவார். பின் ரெண்டு சில்லுக்கும் இடையில அகலம் குறைஞ்சால் பிரளும், கூடினால் அவரின்ர படலையால போகாது, அதால படலையை அளந்திட்டு வெட்டுங்கோ. சீற் எவ்வளவு பதிவோ அவ்வளவு நல்லம்.

பிரேக் எல்லாம் இடது கைக்கு. நிப்பாட்டி வைக்கிற பூட்டும் இடது பக்கம், இல்லாட்டி அவர் ஏறேக்க வண்டி பின்னுக்கு உருளும். வலது காலுக்குத் தட்டும் பட்டியும், சண்டிலிப்பாய்ப் பிள்ளைக்குச் சொன்ன மாதிரி. வலது கை ஹான்டில்ல நிக்காது எண்டால் கட்ட வேண்டாம், மடியில வைக்கிற மாதிரி ஒரு பட்டி போதும், ஹான்டிலை இடது கையால பிடிக்க வசதியா அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளுக்கு வளைச்சு விடுங்கோ. பாரிசவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்கப் பார்வையும் குறைஞ்சிருக்கும், ரோட்டின்ர ஒரு பக்கமே தெரியாமல் இருக்கும், அவருக்கே அது விளங்காது. கிளினிக்கில கேட்டு டொக்டர் ஓம் எண்டால்தான் ரோட்டு. பார்வை குறைவெண்டால் வளவுக்குள்ளயும் கோயில் வீதியிலயும் ஆரும் கூடப் போற மாதிரி ஓடட்டும், அதுவும் அவருக்குப் பெரிய விசயம்தான்.

குடுத்து ஒரு கிழமையில திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒட்டின இடமெல்லாம் பெயின்ற் வெடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, பிறகு மாசத்துக்கு ஒருக்கா. நான் வாற மாசம் மானிப்பாய்ப் பக்கம் வருவன், கடைக்கு வாறன். அண்டைக்குப் பெரியவரையும் வரச் சொல்லுங்கோ, சீற்றின்ர கடைசி வெல்டிங்கை மட்டும் அவர் ஏறி இருந்து பாக்கும் வரைக்கும் வைச்சிடாதேங்கோ.